பழைய நிக்கல் ரிவால்வர்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

நிக்கல் முலாம் பூசிய பழைய ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரே மாடல், ஒரே பேரல் நீளம், மூன்று துப்பாக்கிகள். ஒன்று கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. இன்னொன்று மங்கிப்போய், பேரல் முனையில் முலாம் உரிந்திருக்கிறது. மூன்றாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வந்த அதே வகை. மூன்றுக்கும் மூன்று விலை. எதை எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பளபளப்புக்குத் தனியாக ஒரு காசும் கொடுக்காதீர்கள். முதலில் உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குக் கொடுங்கள். அடுத்து, முலாம் ஆலையிலேயே பூசியதா, பின்னால் யாரோ பூசியதா என்பதைப் பார்த்துக் கொடுங்கள். மூன்றிலும் அதிகம் மின்னுவதுதான் சில சமயம் குறைந்த மதிப்புள்ளது.

உரிமம், பதிவு, கைமாற்றம் பற்றிய சட்டங்கள் இடத்துக்கு இடம் மாறும். அதையெல்லாம் சரிபார்த்த பிறகுதான் கீழே வரும் எதற்கும் அர்த்தம்.

எதை வைத்து எடைபோடுவது?

நான்கு விஷயங்கள்: இயந்திர நிலை, முலாமின் பிறப்பு, பராமரிப்பில் பிடிக்கும் வேலை, திரும்ப விற்கும்போது கிடைப்பது. நான்கும் ஒரே எடை கொண்டவை அல்ல. இயந்திரம் கெட்டிருந்தால் மற்ற மூன்றையும் பேசவே வேண்டாம்.

ஆகவே முதலில் இயந்திரம். தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விற்பவர் ‘காலிதான்’ என்றாலும் பாருங்கள். பிறகு அவர் அனுமதியோடு, பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். அப்போது இன்னொரு கை விரலைச் சிலிண்டர் மேல் லேசாக உரசவிடுங்கள். ஹேமர் முழுதாகப் பின்னுக்குப் போய் நிற்பதற்குள் சிலிண்டர் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறை இருந்தால் ஆறுக்கும் இதைச் செய்யுங்கள். ஐந்து சரியாகப் பூட்டி ஒன்று மட்டும் பிந்தும் துப்பாக்கிகள் நிறைய உண்டு. பின்னுக்கு நிற்கும் ஹேமரைக் கட்டைவிரலால் நிதானமாக முன்னுக்குத் தள்ளினால் அது விழக் கூடாது. விழுந்தால் உள்ளே யாரோ அரம் போட்டிருக்கிறார்கள், அல்லது பாகம் தேய்ந்திருக்கிறது.

சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பேரலின் பின்முனைக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து அளந்தால் 0.15 மில்லிமீட்டர் அளவில் இருப்பது நிம்மதி. 0.25-ஐத் தாண்டினால் விலையைக் குறைத்துப் பேச வேண்டும். .357 மேக்னம் தோட்டாவுக்கான ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் மாடல் 19 ரிவால்வர் என்றால் இன்னொரு இடமும் உண்டு: பேரலின் பின்முனை, அடிப்பக்கம். சிலிண்டர் மூடுவதற்கு இடம் விட வேண்டி அங்கே உலோகத்தைச் சற்றுத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடையுள்ள இலேசான குண்டு கொண்ட, வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்ட துப்பாக்கிகளில் அந்த இடத்தில் விரிசல் விழுவது தெரிந்த கதை. ஒரு சின்ன டார்ச் வெளிச்சத்தில் பத்து விநாடி பார்த்தால் போதும்.

1955-இல் வந்த கோல்ட் நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வரின் பழைய இயந்திரம் வேறு மாதிரி. பூட்டு மிக இறுக்கமாக இருக்கும், ஆனால் சிலிண்டரைச் சுழற்றும் பாகம் தேயத் தேயப் பூட்டும் நேரம் தவறும். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. மேலே நிக்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தச் செலவை மனத்தில் வைத்தே விலை பேசுங்கள்.

நிக்கல் எப்படிக் காப்பாற்றுகிறது, எப்போது கைவிடுகிறது

பாஸ்டனைச் சேர்ந்த ஐசக் ஆடம்ஸ் 1869-இல் நிக்கல் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளிலேயே ரிவால்வர் ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. கரிமருந்துக் காலம் அது. சுட்ட பிறகு மிஞ்சும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். நிக்கல் மேல் அந்தக் கசடு எளிதாகத் துடைபடும், துருவும் ஏறாது.

ஆனால் இந்தக் காவல் முலாம் முழுதாக இருக்கும்வரைதான். துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். நிக்கல் அதற்கு நேரெதிர். கீறலிலோ ஊசித்துளையிலோ ஈரம் இறங்கினால் நிக்கல் அப்படியே இருக்க, அடியிலுள்ள இரும்புதான் வேகமாக அரிபடும். துரு முலாமுக்கு அடியிலேயே பரவும். வெளியே ஒரு சின்னக் கரும்புள்ளி மட்டும் தெரியும். விரல்நகத்தால் தொட்டால் அதைச் சுற்றி ஒரு சிறு வட்டம் மேலெழும்பியிருப்பது உணர முடியும். அந்த மேட்டைக் கண்டால் விலையைப் பாதியிலிருந்து பேசத் தொடங்குங்கள் என்றே சொல்வேன். நன்றாகத் தேய்ந்து இரும்பு தெரியும் இடம் அவ்வளவு ஆபத்தில்லை. அதற்கு எண்ணெய் போடலாம். மூடிக்கிடக்கும் கொப்புளத்துக்கு எதுவும் போட முடியாது.

முதல் வகை: ஆலை முலாம்

பளபளக்கும் துப்பாக்கி இரண்டு வகையில் ஒன்று: ஆலையிலேயே முலாம் பூசியது, பின்னால் பூசியது. முதல் வகைக்குத்தான் உண்மையான மதிப்பு. பெரும்பாலான மாடல்களில், முலாம் இல்லாமல் இரும்பின் மேற்பரப்பையே நிறம் மாற்றும் நீலக்கருப்பு மெருகில் வந்தவையே அதிகம். நிக்கலில் வந்தவை குறைவு. சேகரிப்பவர்கள் அந்தக் குறைவுக்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஆலை முலாம்தான் என்று எப்படித் தெரியும்? ஸ்மித் அண்ட் வெஸன் என்றால் ஹேமரையும் ட்ரிக்கரையும் பாருங்கள். கடந்த நூற்றாண்டில் வந்த அவர்களுடைய நிக்கல் ரிவால்வர்களில் இவை இரண்டுக்கும் முலாம் பூசுவதில்லை. கேஸ் ஹார்டனிங் (மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது) செய்த இரும்பின் பழுப்பு, நீலம், சாம்பல் கலந்த நிறத்திலேயே விட்டார்கள். ஹேமரும் பளபளவென்று நிக்கலில் இருந்தால் சந்தேகப்படுங்கள். குறிபார்க்க உதவும், நகர்த்தி அமைக்கக்கூடிய பின்பக்கக் குறிப்பானும் கருப்பாகத்தான் இருக்க வேண்டும். அதற்கும் பழைய, மேற்பக்கம் திறந்து மடங்கும் டாப் பிரேக் வகைகளில் ட்ரிக்கர் கார்டு நீலக்கருப்பாக இருக்கும். அதுவும் நிக்கலாக மின்னினால் ஆலையிலிருந்து அப்படி வந்திருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்து சைடு பிளேட், அதாவது இயந்திரத்தை மூடும் பக்கத் தகடு. ஆலையிலிருந்து வந்த துப்பாக்கியில் அந்தத் தகடு ஃப்ரேமோடு (உடற்சட்டத்தோடு) சேரும் கோடு மயிரிழை போலத்தான் தெரியும். யாராவது மறுபடி பாலீஷ் போட்டிருந்தால் கோட்டின் இரு விளிம்பும் வட்டமாகி, கோடு பளிச்சென்று தெரியும். திருகுகள் இருக்கும் துளைகளின் வாய் சட்டி போலக் குழிந்திருக்கும். பேரலில் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். இந்த மூன்றையும் எந்தப் பட்டறையாலும் முழுதாக மறைக்க முடியாது.

விற்பவர் கிரிப்பை, அதாவது கைப்பிடித் தகடுகளை, கழற்ற விடுவார் என்றால் கழற்றிப் பாருங்கள். பழைய ஸ்மித் அண்ட் வெஸன்களில் மறைவான இடங்களில் நிக்கலுக்கு ஆங்கில எழுத்தான ‘என்’, நீலக்கருப்புக்கு ‘பி’ என்று குறி இருக்கும். அடிப்பிடியில் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால், அது வேலைக்காக ஆலைக்குத் திரும்பிப் போய் வந்தது என்று பொருள். ஆலையிலேயே மறுமுலாம் செய்தது வெளியே செய்ததைவிட மேல்தான், ஆனாலும் பிறவி முலாமுக்கு ஈடாகாது. விலை பெரிதென்றால், ஆலையின் பழைய பதிவேட்டிலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். ஸ்மித் அண்ட் வெஸன், கோல்ட் இரண்டுக்கும் அந்த வசதி உண்டு. எந்த மெருகோடு ஆலையை விட்டு வெளியேறியது என்று அதில் வரும். அதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு; மலிவான துப்பாக்கிக்கு அது வீண்.

மறைந்த செலவு என்ன? உபயோகிக்கவே மனம் வராது. நூறு தோட்டா சுட்டதும் சிலிண்டரின் முன்முகத்தில் கருப்பு வளையங்கள் விழும். அதைத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தால் முலாமும் சேர்ந்து போகும். விட்டால் கண்ணை உறுத்தும். பெட்டியில் வைத்துப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கும், சேகரிப்பின் இடைவெளியை நிரப்பத் தேடுபவருக்கும் இது சரி. வாராவாரம் சுடப் போகிறவருக்கு இல்லை.

இரண்டாம் வகை: மறுமுலாம்

சந்தையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் அழகாக இருப்பது இதுதான். ஏன் மறுமுலாம் போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல நீலக்கருப்பு மெருகோடு இருந்த துப்பாக்கியை யாரும் சாதாரணமாக நிக்கலுக்கு மாற்றுவதில்லை. துரு தின்று குழி விழுந்ததைத்தான் மாற்றுகிறார்கள்.

அதற்கு ஒரு நேரடியான சாட்சி உண்டு. ஜன்னல் வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டு ஃப்ரேமின் பக்கத்தைப் பாருங்கள். ஊசிமுனை அளவு குழிகள் தெரிகின்றனவா? அந்தக் குழிகளின் அடியும் பளபளவென்று நிக்கலாகவே இருந்தால், குழி முதலில் வந்தது, முலாம் பிறகு வந்தது. ஆலை முலாமில் வரும் குழியில் முலாம் உடைந்து, அடி கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும்.

மறுமுலாமுக்கு முன் பழைய மெருகை அமிலத்தில் கழற்றி, பாலீஷ் சக்கரத்தில் தேய்ப்பார்கள். கடினப்படுத்திய எஃகு பாகங்களும் ஸ்பிரிங்குகளும் அமிலத் தொட்டியிலும் மின்முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறலாம். நல்ல பட்டறை அப்படிப்பட்ட பாகங்களைத் தொட்டிக்கே அனுப்பாது. அனுப்பினால் 200 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூடாக்கி அந்த வாயுவை வெளியேற்றும். விற்பவருக்கு இந்த விவரம் தெரிந்திருக்காது. ஸ்பிரிங்கே நிக்கலில் மின்னுகிறதா என்று மட்டும் பாருங்கள். மின்னினால் மற்ற வேலையும் அந்த லட்சணத்தில்தான் நடந்திருக்கும்.

தோட்டா அறைகளுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். சில பட்டறைகள் அறைகளின் உட்சுவரிலும் முலாம் ஏற்றிவிடும். சுட்ட பிறகு வெற்று உறைகள் இறுகிக்கொள்ளும், போகப்போக அந்த முலாம் செதிலாகக் கழன்று வரும்.

மின்சாரம் இல்லாமல், ரசாயனத் தொட்டியிலேயே படியவிடும் நிக்கல் முலாமும் உண்டு. மின்முலாம் ஓரங்களில் தடித்து, உட்குழிந்த மூலைகளில் மெலிந்து போகும். இது எல்லா இடத்திலும் ஒரே தடிமனாகப் படியும். அதில் பாஸ்பரஸும் கலந்திருக்கும். பளபளப்பு குறைவு, பெரும்பாலும் மங்கலான வெள்ளி நிறம். உபயோகத்துக்கு என்றால் மறுமுலாம் வகைகளில் இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். சேகரிப்பு மதிப்பு இதற்கும் கிடையாதுதான்.

விலை? அதே மாடல் நீலக்கருப்பில், நன்றாகத் தேய்ந்த நிலையில் என்ன விலைக்குப் போகிறதோ அதுவே உச்சவரம்பு. விற்பவர் முலாமுக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமிருந்து எடுக்கப் பார்ப்பார். அது அவர் செலவு. உங்கள் செலவு இல்லை.

மூன்றாம் வகை: உரிந்த ஆலை முலாம்

பலர் பார்த்தவுடனே ஒதுக்கிவிடுவது இதைத்தான். இயந்திரம் இறுக்கமாக இருந்தால், இங்கேதான் நல்ல பேரம் ஒளிந்திருக்கிறது. காரணம் எளிது: உரிந்த முலாம் எதையும் மறைக்காது. அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எங்கே உரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது விலை. பேரல் முனையும் சிலிண்டர் ஓரமும் உறையில் போட்டு எடுத்ததால் தேய்ந்திருக்கும். அது நேர்மையான வயது. கிரிப்புக்கு அடியில் வியர்வை இறங்கி உரிந்திருந்தால், மரத்தைக் கழற்றித் துரு எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் விலை பேசக் கூடாது. பக்கவாட்டில் தகடு தகடாக உரிந்தால் முலாம் ஆரம்பத்திலேயே சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது தவறான கரைப்பான் பட்டிருக்கிறது. அது நிற்காது, தொடரும்.

இதை வாங்கி மறுமுலாம் போட்டு லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். கழற்றுவது, பாலீஷ், முலாம், அனுப்பும் செலவு, சட்டப்படியான கைமாற்ற வேலை எல்லாம் சேர்ந்தால் முடிவில் உங்கள் கையில் இருப்பது இரண்டாம் வகைத் துப்பாக்கி. மிஞ்சியிருந்த ஆலை மதிப்பும் போய்விடும். உரிந்ததை உரிந்தபடியே வைத்து, இரும்பு தெரியும் இடத்தில் எண்ணெய் போட்டுச் சுடுங்கள்.

நான்காம் வகை: ஸ்டெயின்லெஸ்

ஸ்மித் அண்ட் வெஸன் 1965-இல் கொண்டுவந்த மாடல் 60-தான் முதல் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர். நிக்கல் மெல்ல ஒதுங்கிப்போனதற்கு இதுவும் முக்கியக் காரணம். முலாம் இல்லை என்பதால் உரிவதற்கு எதுவும் இல்லை. கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். கரைப்பான் பயம் இல்லை. உப்புக்காற்றில் இதுவும் துருப்பிடிக்கும், ஆனால் மெதுவாக.

தினசரி உபயோகம், ஈரமான வானிலை, பராமரிப்புக்கு நேரமில்லை என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். இழப்பது அழகை மட்டும். நிக்கலில் இருக்கும் லேசான மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான மினுமினுப்பு ஸ்டெயின்லெஸுக்கு வராது. அது சாம்பல் சாயல். குரோமிய முலாம் நீலச் சாயலில் இருக்கும். இந்த மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்தால் குழப்பமே வராது.

ஒரு பார்வையில்

| | ஆலை முலாம் | மறுமுலாம் | உரிந்த ஆலை முலாம் | ஸ்டெயின்லெஸ் |
|---|---|---|---|---|
| விலையின் அடிப்படை | நீலக்கருப்பு விலைக்கு மேல் | தேய்ந்த நீலக்கருப்பு விலை வரை | அதற்கும் கீழே | உபயோக மதிப்பு |
| மறைந்த செலவு | சரிபார்ப்புக் கடிதம், சுடத் தயக்கம் | அடியில் ஒளிந்த குழி, தேய்ந்த விளிம்பு | பரவும் துரு | அநேகமாக இல்லை |
| பராமரிப்பு | கவனம் தேவை | கவனம் தேவை | அடிக்கடி எண்ணெய் | குறைவு |
| திரும்ப விற்றால் | நன்றாகக் கிடைக்கும் | நட்டம் வரலாம் | போட்டது வரும் | போட்டது வரும் |
| யாருக்கு | சேகரிப்பவர் | மலிவாகக் கிடைத்தால் மட்டும் | சுடுபவர் | தினசரி உபயோகிப்பவர் |

இந்த அட்டவணைக்கு வெளியே ஒரு வகை: ஐவர் ஜான்சன், ஹேரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் போன்ற நிறுவனங்கள் ஏராளமாகச் செய்து மலிவாக விற்ற பழைய டாப் பிரேக் ரிவால்வர்கள். பெரும்பாலும் நிக்கல்தான். இவற்றில் பழையவை கரிமருந்துத் தோட்டாவுக்காகச் செய்தவை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுடக் கூடாது. எவ்வளவு மின்னினாலும் இவற்றைப் பார்வைப் பொருளாக மட்டும் விலை பேசுங்கள்.

பராமரிப்பு

முலாமின் தடிமன் மயிரிழையை விடக் குறைவு. ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அதில் ஒரு பங்கு போகிறது என்ற நினைப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் எதிரி அமோனியா. பேரலுக்குள் படிந்த செம்பை எடுக்கும் கரைப்பான்களில் அது இருக்கும், பிராஸோ போன்ற பித்தளை பாலீஷிலும் இருக்கும். பல முலாம்களில் நிக்கலுக்கு அடியில் ஒரு செம்பு அடுக்கு உண்டு. உங்கள் துப்பாக்கியில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. கீறல் வழியாக அமோனியா இறங்கினால் செம்பைக் கரைக்கும், மேலே நிக்கல் பிடிப்பில்லாமல் உரியும். ஆகவே அமோனியா இல்லாத கரைப்பானையே வாங்குங்கள். வேறு வழியில்லையென்றால் பேரலுக்குள் மட்டும் போட்டு, வெளியே பட்ட துளியை உடனே துடையுங்கள். ஊற வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது எதிரி தோல் உறை. தோலைப் பதனிடும் அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து முலாமில் மேகம் போன்ற மங்கலை உண்டாக்கும். உறையில் எடுத்துச் செல்லலாம். உறையிலேயே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது.

மங்கிய நிக்கலுக்கு ஃபிளிட்ஸ் போன்ற மென்மையான உலோக பாலீஷைத் துளி அளவு எடுத்து, பழைய பருத்தித் துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். மங்கல் போனால் அது மேலே படிந்த கறை. போகவில்லையென்றால் முலாமே அரிபட்டிருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள். எஃகுக் கம்பளி, முரட்டுத் துணி, ஈயக் கறை எடுக்கும் ரசாயனத் துணி எதுவும் வெளிப்புறத்தில் படக் கூடாது. முலாம் ஏற்கெனவே தளர்ந்த துப்பாக்கியை ஒலியலைகளால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் உரிதல் கூடும்.

கடைசியாக மெழுகு. பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பொருட்களுக்காக உருவான ரினைசன்ஸ் மெழுகு இதற்கு மிகவும் ஏற்றது. மெல்லிய ஒரு பூச்சு, காய்ந்ததும் துடைத்தால் கைரேகை ஒட்டாது. இரும்பு தெரியும் இடங்களுக்கு மட்டும் மெழுகுக்கு முன் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள்.

விலை பேசும் வரிசை

அதே மாடல், அதே பேரல் நீளம், நீலக்கருப்பு மெருகு, ஒத்த இயந்திர நிலை: இது உங்கள் அடிவிலை. உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள், கேட்கும் விலைகளை அல்ல. இயந்திரக் குறை இருந்தால் அதைச் சரிசெய்யும் முழுச் செலவையும் கழியுங்கள். ஆலை முலாம் என்று உறுதியானால் மட்டும் மேலே ஏறுங்கள். உறுதியாகாவிட்டால் மறுமுலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. அசல் பெட்டியும் வரிசை எண் ஒத்த லேபிளும், அதில் நிக்கல் என்ற குறிப்பும் இருந்தால் பேச்சு பாதியாகக் குறையும்.

கிரிப்பைக் கழற்றிப் பார்க்க விடாதவரிடம் மறுமுலாம் விலைக்கு மேல் பேசாதீர்கள். தரமாட்டேன் என்றால் அடுத்ததைப் பாருங்கள்.